வென்றதும் காத்ததும்: கொனர் மக்கிரெகர் பற்றிய ஒரு மதிப்பீடு

புகழ் பெற்ற எவரைப் பற்றியும் காலப்போக்கில் எழுகின்ற வினா ஒன்றுண்டு. அவர் பெற்ற புகழ் அவருடைய ஆற்றலுக்கு ஏற்றதுதானா, அன்றி அதனை விஞ்சியதா என்பதே அவ்வினா. கவிஞருக்கும் நடிகருக்கும் அரசியல்வாதிக்கும் பொதுவான இவ்வினா ஒரு விளையாட்டு வீரரைக் குறித்து எழும்போது விடை காண்பது எளிதுபோலத் தோன்றும். விளையாட்டில் வெற்றியும் தோல்வியும் எண்களாகப் பதிவாகின்றன அல்லவா? ஆயினும் அயர்லாந்தைச் சேர்ந்த கலப்புச் சண்டை வீரர் கொனர் மக்கிரெகரைப் பற்றிய விவாதம் இந்நம்பிக்கையைத் தளர்த்துகின்றது. 2008 முதல் 2021 வரை அவர் நிகழ்த்திய மோதல்களின் பெறுபேறு 22 வெற்றிகளும் 6 தோல்விகளுமாகும். இதில் எவருக்கும் ஐயமில்லை. எனினும் இத்துறை கண்ட தலைசிறந்தோருள் அவர் ஒருவர் என்போரும், விளம்பரத்தாற் பெருக்கிக் காட்டப்பட்டவர் அவர் என்போரும் இதே எண்களையே சான்றாகக் காட்டுகின்றனர். எண்களிற் கருத்து வேற்றுமை இல்லாதவிடத்து, வேற்றுமை அளவுகோலிலேயே இருத்தல் வேண்டும். எனவே அவரை அளக்குமுன் அளவுகோலை ஆராய்வது இன்றியமையாததாகின்றது.

குத்துச்சண்டை, உதைச்சண்டை, மற்போர், ஜூஜிட்சு முதலிய பல கலைகளின் உத்திகளையும் ஒரே களத்தில் அனுமதிப்பது கலப்புச் சண்டைக்கலை. நின்று அடித்தல், பிடித்து வீழ்த்துதல், வீழ்ந்தவரைத் தரையில் அடக்குதல் என்னும் மூன்றும் இக்கலையின் கூறுகள். ஒரு சுற்று ஐந்து நிமிடம் நீடிக்கும். சாதாரண மோதல் மூன்று சுற்றுகளையும் பட்டத்துக்கான மோதல் ஐந்து சுற்றுகளையும் உடையது. 1993 ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்வர் நகரிலே தன் முதல் நிகழ்ச்சியை நடத்திய யூ.எவ்.சி. என்னும் நிறுவனமே இத்துறையில் முதன்மை பெற்று விளங்குகின்றது. மக்கிரெகரின் புகழும் அதுபற்றிய ஐயமும் இந்நிறுவனத்தின் மேடையிலேயே உருவாயின.

அவர் 1988 யூலையில் டப்ளின் நகரின் குரும்லின் பகுதியிற் பிறந்தவர். தண்ணீர்க்குழாய் பொருத்தும் தொழிலைச் சிறிது காலம் பயின்று, அதனைக் கைவிட்டு, ஜோன் கவனா என்னும் பயிற்சியாளரிடம் சண்டைக்கலை பயின்றார். 2012 இல் கேஜ் வொரியர்ஸ் என்னும் ஐரோப்பிய அமைப்பின் இரு எடைப்பிரிவுகளிலும் பட்டம் பெற்றார். 2013 ஏப்பிரலில் ஸ்ரொக்ஹோம் நகரில் யூ.எவ்.சி. மேடையில் முதன்முதலாக ஏறியபோது அவர் அரசின் உதவித்தொகையைப் பெற்று வாழ்ந்தவர். அன்று 67 விநாடிகளில் எதிரியை வீழ்த்தி 60,000 டொலர் சிறப்பு வெகுமதியும் பெற்றார்.

இந்த எழுச்சியின் சமூகப் பின்னணி மனங்கொளத்தக்கது. 2008 இல் அயர்லாந்தின் பொருளாதாரம் சரிந்தது. 2010 இன் இறுதியில் அந்நாடு ஐரோப்பிய ஒன்றியத்திடமும் சர்வதேச நாணய நிதியத்திடமும் பெருங்கடன் பெற வேண்டியதாயிற்று. வேலையின்மையும் புலப்பெயர்வும் இளைஞர்களை வாட்டிய அக்காலத்தில், தொழிலாளர் குடியிருப்பொன்றிலிருந்து புறப்பட்ட ஒருவன் எவருக்கும் தலைவணங்காது உலகமேடையிற் பேசியது அம்மக்களுக்குப் பெருமிதம் அளித்ததில் வியப்பில்லை. அயர்லாந்து வீரர் ஒருவருக்காகக் கடல்கடந்து பொஸ்ரனிலும் லாஸ் வேகாசிலும் ஆயிரக்கணக்கில் மக்கள் கூடினர். அவர்கள் கொண்டாடியது ஒரு வீரனின் இடது கையை மட்டுமன்று. எனவே புகழின் ஒரு பகுதி களத்துக்கு வெளியே விளைந்தது என்பதைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்ளுதல் நன்று.

இதனைக்கொண்டு அவருடைய ஆற்றல் பொய்யெனக் கொள்வது தவறாகும். மக்கிரெகரின் திறன் மூன்று கூறுகளின் சேர்க்கை. முதலாவது தூரம். 145 இறாத்தல் எடைப்பிரிவில் அவருடைய கைவீச்சு 74 அங்குலம். அப்பிரிவின் பட்டக்காரராயிருந்த பிரேசில் வீரர் ஜொஸே அல்டோவின் கைவீச்சு 70 அங்குலம். இரண்டாவது இடக்கை நிலையில் நின்று நேராகச் செலுத்தும் இடது குத்து. மூன்றாவதும் முதன்மையானதும் கணிப்பு. எதிரி எப்போது முன்னே வருவான், வரும்போது எந்தப் பக்கம் திறந்திருக்கும் என்பதைக் கணித்து, அவன் வந்துசேரும் இடத்துக்கே குத்தை அனுப்பும் கலை அது.

2015 டிசெம்பர் 12 இல் லாஸ் வேகாசில் நிகழ்ந்தது இக்கணிப்பின் உச்சமாகும். பத்தாண்டுகளாகத் தோல்வி காணாதவர் அல்டோ, யூ.எவ்.சி. பட்டத்தை ஏழு தடவைகள் காத்தவர். மணியொலித்ததும் அவர் முன்னே பாய்ந்தார். மக்கிரெகர் ஓரடி பின்வாங்கியவாறே இடது கையைச் செலுத்தினார். 13 விநாடிகளில் மோதல் முடிந்தது. அதனை நற்பேறு என்பாருமுளர். ஆயின் அதற்கு முன்னர் 2014 இல் டஸ்ரின் பொரியே 106 விநாடிகளில் வீழ்ந்ததும், பின்னர் 2016 நவம்பரில் நியூயோர்க்கின் மடிசன் சதுக்க அரங்கில் 155 இறாத்தற் பிரிவின் பட்டக்காரர் எடி அல்வாரெஸ் இரண்டாஞ் சுற்றில் வீழ்ந்ததும் அதே கையால், அதே முறையால் நேர்ந்தவை. மும்முறை நேர்வதை நற்பேறு என்பது பொருந்தாது. அல்வாரெசை வென்றதன் மூலம் யூ.எவ்.சி. வரலாற்றில் ஒரே வேளையில் இரு எடைப்பிரிவுப் பட்டங்களை வைத்திருந்த முதலாமவர் என்னும் சிறப்பையும் அவர் பெற்றார்.

மறுதரப்பார் கூறுவனவும் புறக்கணிக்கத்தக்கனவல்ல. 2013 இல் மக்கிரெகர் வென்ற மக்ஸ் ஹொலவே அப்போது 21 வயதினர். அத்தோல்வியின் பின் தொடர்ந்து 13 மோதல்களில் வென்று, இடையே உலகப் பட்டமும் பெற்றார். பொரியேயும் எடைப்பிரிவு மாறித் தேர்ந்த வீரரானார். 2015 யூலையில் இடைக்காலப் பட்டத்துக்காக மோதிய சாட் மென்டிஸ், காயமுற்ற அல்டோவுக்குப் பதிலாக ஏறத்தாழ இரு வார அவகாசத்தில் வந்தவர். அவர் மற்போர் முறையால் மக்கிரெகரைப் பலமுறை தரையில் வீழ்த்தி மேலே இருந்து தாக்கினார். களைத்த பின்னரே தோற்றார். தரையிலே அடக்கப்படும்போது மக்கிரெகரின் நிலை யாதாகும் என்னும் ஐயம் அன்றே எழுந்தது. 2018 ஒக்டோபரில் தாகெஸ்தான் வீரர் கபீப் நூர்மகொமேடொவ் அதற்கு விடையளித்தார். மூன்றாஞ் சுற்றை நடுவர்கள் மக்கிரெகருக்கு வழங்கியபோதும், நான்காஞ் சுற்றில் கழுத்துப் பிடியில் அவர் பணிய நேர்ந்தது. 2021 ஜனவரியில் பொரியே அவரது முன்காலின் கெண்டைச்சதையை உதைத்து உதைத்து அசைவைக் குன்றச் செய்து, இரண்டாஞ் சுற்றில் வீழ்த்தினார். அதே ஆண்டு யூலையில் நிகழ்ந்த மூன்றாவது மோதலில் முதற் சுற்றின் இறுதியில் மக்கிரெகரின் கால் முறிந்தது. அதன் பின்னர் 2025 முடியும்வரை அவர் களமிறங்கவில்லை.

இவ்விரு தரப்பையும் ஒருசேர நோக்குமிடத்து, ஒரு தரப்பார் அவர் எட்டிய உயரத்தையும் மறுதரப்பார் அவர் நின்ற காலத்தையும் அளக்கின்றனர் என்பது புலனாகும். இவற்றுள் எது தக்க அளவுகோல்? பழந்தமிழ்ப் புறத்திணை மரபு இவ்விடத்திற் பயன்படுகின்றது. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை, பகைவரின் அரணை வளைத்துக் கொள்வதை உழிஞை என்றும், அரணைக் காத்து நிற்பதை நொச்சி என்றும் வெவ்வேறு திணைகளாக வகுக்கின்றது. கொள்வதும் காப்பதும் வெவ்வேறு ஆற்றல்களை வேண்டிநிற்பவை என்னும் தெளிவு அப்பாகுபாட்டில் உண்டு. முற்றுகையிடுபவன் தான் விரும்பிய வேளையில், விரும்பிய வாயிலில் தாக்கலாம். காப்பவனோ எல்லா வாயில்களிலும் எல்லா வேளைகளிலும் விழித்திருத்தல் வேண்டும்.

பட்டக்காரரின் நிலையும் இத்தகையதே. பட்டம் பெற்ற நாள்முதல் அவரது ஒவ்வோர் அசைவையும் எதிரிகள் ஆராய்கின்றனர். அவரை வெல்வதையே குறியாகக் கொண்டு பயிற்சி செய்கின்றனர். அவ்வாறு ஆராய்ந்து வருபவரை மீண்டும் மீண்டும் வெல்பவரின் திறனே முழுமையாகச் சோதிக்கப்பட்ட திறன். இவ்வகையில் அல்டோ நொச்சி சூடியவர். மக்கிரெகரோ இரு அரண்களைக் கொண்டார். இரண்டில் எதனையும் ஒரு முறையேனும் காக்கவில்லை. 145 இறாத்தற் பட்டம் 2016 நவம்பரிலும், 155 இறாத்தற் பட்டம் 2018 ஏப்பிரலிலும் ஒரு தற்காப்பு மோதலுமின்றியே அவர் கையைவிட்டு நீங்கின. இரண்டையும் அவர் களத்தில் இழக்கவில்லை என்பது அவருடைய ஆதரவாளர் வாதம். களத்தில் இழக்கும் வாய்ப்பை அவர் ஏற்கவில்லை என்பது அதே செய்தியின் மறுபுறம்.

அவருக்குச் சார்பாகச் சொல்லவேண்டிய ஒன்றும் இவ்விடத்தில் உண்டு. 2016 மார்ச்சில், 11 நாள் அவகாசத்தில் பதிலாளராக வந்த நேற் டியாசை அவர் 170 இறாத்தற் பிரிவில் எதிர்கொண்டார். முதற் சுற்றில் மேலோங்கியவர் இரண்டாஞ் சுற்றிற் களைத்து, கழுத்து நெரிபட்டுத் தோற்றார். இலகுவான வேறொரு மோதலை அவர் நாடியிருக்கலாம். ஆனால் அதே எதிரியை, அதே எடையில் மீண்டும் கேட்டார். ஓகஸ்டில் நிகழ்ந்த இரண்டாவது மோதலில் ஆற்றலைப் பங்கிட்டுச் செலவிடவும், காலால் உதைத்து எதிரியின் முன்னேற்றத்தைத் தடுக்கவும் கற்று வந்திருந்தார். ஐந்து சுற்றுகளும் நீடித்த அம்மோதலில் நடுவர் பெரும்பான்மைத் தீர்ப்பால் வென்றார். தன்னை ஆராய்ந்தறிந்த ஒருவரை அவர் வென்றது இம்மோதலில்தான். பட்டம் எதுவும் இல்லாத இவ்வெற்றி, 13 விநாடி வெற்றியைக் காட்டிலும் அவருடைய தரத்துக்குச் சிறந்த சான்று எனக் கருத இடமுண்டு. அவர் தொடர்ந்து இவ்வழியிற் சென்றிருப்பின் இவ்விவாதமே எழுந்திராது.

ஏன் செல்லவில்லை என்னும் வினாவுக்கு விடை, தனிமனிதரின் மனப்போக்கிலன்றி இத்துறையின் பொருளாதார அமைப்பிலேயே தேடப்படல் வேண்டும். உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியிற் போல யார் யாருடன் மோதுவர் என்பதை இங்கு முன்வகுத்த அட்டவணை தீர்மானிப்பதில்லை. நிறுவனமே தீர்மானிக்கின்றது. தரவரிசை ஒன்று உண்டெனினும் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவதன்று. நிறுவனத்தின் வருவாயோ நீண்டகாலம் கட்டணத் தொலைக்காட்சி விற்பனையையே பெரிதும் சார்ந்திருந்தது. மக்கிரெகரும் கபீபும் மோதிய நிகழ்ச்சி ஏறத்தாழ 24 இலட்சம் இல்லங்களுக்கு விற்பனையாயிற்று. 2017 ஓகஸ்டில், தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஒரு மோதலேனும் கண்டிராத மக்கிரெகர், 49 மோதல்களில் தோல்வியறியாத புளொயிட் மேவெதரை எதிர்கொண்டு பத்தாஞ் சுற்றிற் தோற்றார். அந்நிகழ்ச்சி அமெரிக்காவில் மட்டும் 40 இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. தோல்வியிலே பெரும் பொருள் கிடைக்குமாயின், பட்டத்தைக் காக்கும் கடும் உழைப்புக்கு எவர்தான் முன்வருவர்? 2021 இல் போர்ப்ஸ் சஞ்சிகை அவரை உலகிலே அதிக வருவாய் பெற்ற விளையாட்டு வீரராகக் கணித்தது. ஏறத்தாழ 18 கோடி டொலராகிய அவ்வருவாயில் 15 கோடிக்கு மேற்பட்டது களத்துக்கு வெளியே, பெரும்பாலும் அவருடைய விஸ்கி வணிகப் பங்கின் விற்பனையால் வந்தது. சந்தை அவருக்கு இட்ட விலை சண்டைக்கு இட்ட விலையன்று. கவனத்துக்கு இட்ட விலை.

அக்கவனத்தை ஈர்க்கும் கலையில் அவர் வல்லவர். வீரன் தன் ஆற்றலைத் தானே எடுத்துரைப்பதை நெடுமொழி கூறல் என ஒரு துறையாகவே நம் இலக்கண மரபு கொண்டது. மக்கிரெகரின் நெடுமொழி எதிரியை நிலைகுலையச் செய்யும் போர் உத்தியாகவும் பயன்பட்டது. 2015 இல் டப்ளின் மேடையில் அல்டோவின் முன்னிருந்த பட்டத்தை அவர் பறித்துத் தூக்கிக் காட்டினார். மாதக்கணக்கில் தூண்டப்பட்ட அல்டோ தம் வழமையான பொறுமையை இழந்து 13 விநாடிக்குள் முன்பாய்ந்ததில் இதற்கும் பங்கிருத்தல் கூடும். ஆயின் நெடுமொழி போருக்கு முன்னுரையாய் நிற்கும்வரையிலேயே அதற்குப் பொருளுண்டு. போருக்குப் பதிலாக அது விற்பனைப் பண்டமாகும்போது நிலைமை வேறாகின்றது.

இவ்விடத்திலேயே இவ்விவாதம் வெறும் இரசிகர் வாக்குவாதம் என்னும் நிலையைக் கடக்கின்றது. ஒருவரை மிகையாக மதிப்பதால் யாருக்கு நட்டம் என்று கேட்கப்படலாம். நட்டமடைந்தோர் உளர். பத்தாண்டு உழைப்பு 13 விநாடிகளில் சரிந்த அல்டோவுக்கு மீண்டும் மோதும் வாய்ப்பு வழங்கப்படவில்லை. அமெரிக்க வீரர் ரோனி பேர்குசன் 2017 ஒக்டோபரில் 155 இறாத்தற் பிரிவின் இடைக்காலப் பட்டத்தை வென்றார். முழுப்பட்டத்தை வைத்திருந்த மக்கிரெகர் அவருடன் மோத வரவில்லை. 2018 ஏப்பிரலில் கபீபுடன் மோதவிருந்த வேளையிற் பேர்குசன் காலிற் காயமுற, அவருடைய இடைக்காலப் பட்டமும் பறிபோயிற்று. அவர் பின்னரும் வென்றார். தொடர் வெற்றிகள் 12 ஆயின. எனினும் முழுப்பட்டத்துக்கான மோதல் அவருக்கு வாய்க்கவேயில்லை. 2020 மே மாதத்தில், 36 வயதில், ஜஸ்டின் கேச்சியிடம் தோற்றபின் அவர் தொடர்ந்து தோல்விகளையே கண்டார். சண்டை வீரனின் உடல் உச்சத்தில் இருப்பது சில ஆண்டுகளே. பட்டக்காரர் வராத 17 மாதங்கள் அவருக்கு ஓய்வாகவும் விற்பனையாகவும் அமையலாம். வரிசையில் நிற்பவருக்கோ அவை மீளப்பெற முடியாத காலம்.

2018 ஏப்பிரலில் நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் நடந்ததும் இதனையே காட்டுகின்றது. மக்கிரெகர் தம் கூட்டத்தாருடன் வந்து, வீரர்கள் அமர்ந்திருந்த பேருந்தின்மீது பொருளொன்றை வீசி யன்னலை உடைத்தார். அதனாற் காயமுற்ற இரு வீரர்கள் அவ்வார மோதல்களை இழந்தனர். மக்கிரெகர் பின்னர் நீதிமன்றிற் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சில மாதங்களில், அதே காட்சியின் படத்துண்டு கபீபுடனான மோதலின் விளம்பரத்தில் இடம்பெற்றது. பிறர் வாய்ப்பிழந்த ஒரு நிகழ்வு விற்பனைக்கு உதவிற்று. புகழுக்குத் தரப்படும் இத்தகைய சலுகை களத்தோடு நின்றுவிடுவதுமில்லை. 2018 டிசெம்பரில் டப்ளினிற் பெண்ணொருவரைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தியதாகத் தொடரப்பட்ட குடியியல் வழக்கில், 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற யூரர்கள் அவர் பொறுப்பாளி எனக் கண்டு நட்டஈடு விதித்தனர். அவருடைய மேன்முறையீடு 2025 யூலையிற் தள்ளுபடி செய்யப்பட்டது. இச்செய்தி அவருடைய இடது குத்தின் தரத்தைக் குறைப்பதுமில்லை. அக்குத்தின் தரம் இச்செய்தியை மறைக்கவுங் கூடாது. திறனை அளப்பதும் மனிதரை அளப்பதும் வெவ்வேறு என்பதை மறந்தவிடத்தே மிகைமதிப்பு பேராபத்தாகின்றது.

ஆகவே மக்கிரெகர் மிகையாக மதிக்கப்பட்டவரா என்னும் வினாவைப் பிரித்தே விடை கூறல் வேண்டும். 2013 முதல் 2016 வரையான காலத்தில், நின்று மோதும் கலையில், கணிப்பிலும் துல்லியத்திலும் அவர் காட்டிய திறன் உயர்ந்தது. அதனைக் குறைத்துக் கூறுவோர் அவருடைய வாய்ச்சொல்லின்மேற் கொண்ட வெறுப்பைக் கைத்திறன்மேற் சுமத்துகின்றனர். ஆயின் இத்துறையின் தலைசிறந்த வீரர் வரிசையில் அவரை முன்னிருத்துவது மிகைமதிப்பே. அவ்வரிசைக்குரிய சோதனையாகிய காத்தலை அவர் ஏற்கவில்லை. ஏற்காமலிருந்தும் அவ்விடத்துக்குரிய ஊதியத்தையும் முன்னுரிமையையும் பெற்றார். முன்னதற்கு அவர் பொறுப்பாளி. பின்னதற்குச் சந்தையும் அதன் நுகர்வோரும் பொறுப்பாளிகள்.

2023 இல் யூ.எவ்.சி. நிறுவனம் அல்டோவைத் தன் புகழ்பெற்றோர் வரிசையிற் சேர்த்துக்கொண்டது. எனினும் இத்துறையை மேலோட்டமாக அறிந்தோரிடம் அவர் பெயரைக் கூறின், 13 விநாடிகளில் வீழ்ந்தவர் என்றே பெரும்பாலும் நினைவுகூர்வர். ஏழு முறை பட்டத்தைக் காத்தவர் என்னும் செய்தியை அவர்கள் கேள்வியுற்றிருப்பது அரிது. மக்கிரெகருக்கு உரியதைக் குறைக்காமலே அல்டோவுக்கும் பேர்குசனுக்கும் உரியதை வழங்க இயலும். அவ்வாறு வழங்கும் பொறுப்பு, வெற்றியை மட்டுமன்றி அதன் பின்னர் நடப்பதையும் காணப் பொறுமையுள்ள பார்வையாளருக்கே உரியது.